கம்பெனி கிழித்த கோடும் நம் அரசியல் சட்டமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபொழுது நாம் முதலில் தயங்கினோம். நாம் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லோம். தந்தையார் பணியிலிருக்கும்பொழுதே காலமானமையால், பத்தாம் வகுப்புத் தேறியிருந்த தகுதியோடு கருணை அடிப்படையில் இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழித்து வருகிறோம். எனினும் கோப்புப் பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓர் உத்தரவு கைக்கு வந்தால், அது எந்த முந்தைய உத்தரவைச் சுட்டுகிறது என்று தேடுவான். அந்த முந்தையது எதனைச் சுட்டுகிறது என்று இன்னும் பின்னே போவான். இக்கட்டுரையும் அவ்வாறு ஒரே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போனதன் விளைவேயாகும்.

அக்காகிதம் இதுதான். மூணாறு மலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் நம் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நம் பாட்டனாரின் தமையனாருடைய பேரர். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிச் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்க முனைந்தாள். நம் குடும்பம் அட்டவணைச் சாதியைச் சேர்ந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டுச் சென்ற அலுவலகத்தில், “10-8-1950க்கு முன்பே இக்குடும்பம் இம்மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தமைக்கு ஆதாரம் இல்லை” என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். அதே பாட்டன்மார் வழியில் வந்த நமக்கோ, நம் தந்தையாருக்கோ, பாலக்காட்டில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் பேரர்களுக்கு இருவேறு நியாயம் எப்படி வந்தது?

பாட்டனார் காலத்துச் செய்தியை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து 1948ஆம் ஆண்டு கோடையில் அண்ணன் தம்பி இருவரும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். தம்பி மீட்டர் கேஜ் வண்டியேறிப் பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு வந்து, இருப்புப்பாதை வேலையில் கூலியாகச் சேர்ந்தார். பொள்ளாச்சி–பாலக்காடு பாதை போட்டு அப்போது பதினாறு ஆண்டே ஆகியிருந்தது. அது 1932இல் திறக்கப்பட்டது. தமையனார் ஒரு கங்காணியின் பின்னால் அமராவதிக் காட்டு வழியே சின்னாறு, மறையூர் கடந்து மூணாறு ஏறினார். இருவரும் கடந்த தொலைவில் அதிக வேற்றுமை இல்லை. ஆயினும், தம்பி சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து அதே மாகாணத்து மலையாள ஜில்லாவுக்கு வந்தார். தமையனார் மாகாணத்தை விட்டுத் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தார். அங்கே சுங்கச் சாவடி வேறு, தபாலும் வேறு. திருவிதாங்கூரின் சொந்தத் தபாலுக்கு ‘அஞ்சல்’ என்று பெயர். 1951இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

சின்னாற்றில் ஒரு கோடு இருந்தது, வாளையாற்றில் இல்லை. அந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்?

தமிழுக்கும் மலையாளத்துக்கும் எல்லை பார்த்து எவரும் அதனைக் கிழிக்கவில்லை. போர்க்கணக்கு முடிந்த வகையில் விழுந்த கோடு அது. 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். அவர் மகன் திப்பு சுல்தான், மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்று, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி மலபாரை ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனி அதை முதலில் பம்பாயின் கீழ் வைத்து ஆண்டது. 1800இல் சென்னையின் கீழ் மாற்றியது. திப்பு வீழ்ந்த 1799இல் கோயமுத்தூர்ச் சீமையும் கம்பெனிக்கு வந்துவிட்டது. ஆகவே கணவாயின் இரு பக்கமும் ஒரே கோட்டையின், அதாவது சென்னை ஜார்ஜ் கோட்டையின், ஆட்சிக்கு உட்பட்டன. கொச்சி அரசர் 1791இலேயே கம்பெனிக்குக் கப்பம் கட்ட உடன்பட்டுத் தம் நாட்டைக் காத்துக்கொண்டார். அதனால் அவருடைய சித்தூர்ப் பகுதி, நாற்புறமும் கம்பெனி நிலம் சூழ, தீவுபோல் தனித்து நின்றது. பாலக்காட்டிலிருந்து சித்தூருக்குச் சென்று திரும்பும் நம் காலனிப் பெண்மணிகள், ஒரு காலத்தில் அது வேறு ராஜ்யத்துக்குப் போய்வரும் பயணமாக இருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

திருவிதாங்கூர் கம்பெனியின் நண்பனாக இருந்தது. 1795இலும் 1805இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் அதன் அரசரே அரசராக நீடித்தார். ஆனால் ஆண்டுதோறும் எட்டு இலட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்டவேண்டியதாயிற்று. வென்ற இடத்தில் கலெக்டரும் நட்பு கொண்ட இடத்தில் ரெசிடெண்டும் அமர்ந்தனர். ஒருவர் நேரே ஆள்வார். மற்றவர் அரசரின் காதோரம் நின்று ஆள்வார். இந்த வேறுபாடுதான் பின்னர் அரசியல் சட்டம் வரை தொடர்ந்தது.

நேரே ஆண்ட மலபாரில் நடந்ததை முதலில் பார்ப்போம். நிலத்துக்கு யார் உடையவர் என்ற கேள்வி வந்தபொழுது, கம்பெனி அதிகாரிகள் தங்கள் நாட்டுப் பிரபுக்களைப் போலவே ஜன்மிகளையும் கருதி, அவர்களையே முழு உரிமையாளராக நீதிமன்றங்கள் வாயிலாக நிலைநாட்டினர். உழுதவன் ஒரு தாளில் வெளியேற்றப்படும் நிலை உண்டாயிற்று. இஃது ஊர் வழக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு என்று, மலபார்க் கலெக்டராக இருந்த லோகன் என்ற ஆங்கிலேயரே 1880களில் எடுத்துக் கூறினார், கேட்பாரில்லை. சமஸ்தானமாகிய திருவிதாங்கூரிலோ, 1865ஆம் ஆண்டுப் பண்டாரப் பாட்ட விளம்பரத்தால் சர்க்கார் நிலத்துக் குடிகள் தம் நிலத்துக்கு உடைமையாளர் ஆயினர். ஆகவே குடியானவர் கிளர்ச்சி மலபாரிலே கொதித்தது. குடிவாரச் சட்டத்தைத் திருத்த அமைந்த குழுவில் மாற்றுக் கருத்து எழுதிய சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு, 1957இல் புதிய கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஆனார். நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்த அவருடைய அமைச்சரவை 31-7-1959 அன்று அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவின்படி நீக்கப்பட்டது.

அந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது? 1935ஆம் ஆண்டு இந்தியச் சர்க்கார் சட்டத்தின் 93ஆம் பிரிவிலிருந்து வந்தது. மாகாணத்தில் ஆட்சி நடத்த முடியவில்லை என்று கருதினால் கவர்னர் தாமே ஆட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அது. 1939இல் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியபின் சென்னையில் அதுவே நடந்தது. வெள்ளையர் நமக்குப் பூட்டிய விலங்கு என்று அன்று தலைவர்கள் கண்டித்த அதிகாரத்தை, விடுதலைக்குப் பின் நம்மவரே எடுத்து வைத்துக்கொண்டனர். பழுது பார்த்து வைத்தார்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சாமான் பழைய சாமான்தான். இதில் நமக்கு வியப்பில்லை. நம் இரயில்வேயிலேயே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு 1990 வரை வண்டி ஓட்டினோம்.

இனி மலைப்பக்கம் வருவோம். கர்னல் மன்றோ என்பவர் திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக வந்து, 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் தாமே வகித்தார். அவர் காலத்தில் கோவில்களின் நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பூசைச் செலவைச் சர்க்காரே ஏற்றது. நிலத்தை எடுத்தவன் பூசைக்குப் படியளக்கவேண்டும் அல்லவா? அந்தக் கடன், 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபொழுது உடன்படிக்கையில் ஏறி, அங்கிருந்து அரசியல் சட்டத்திலும் ஏறியது. இன்றும் 290-ஏ பிரிவைப் புரட்டுவோர், கேரளம் ஆண்டுதோறும் 46 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தமிழ்நாடு 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கோவில் நிதிக்குக் கட்டவேண்டும் என்று எழுதியிருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டுப் பங்கு, 1956இல் நம்மிடம் வந்த கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிக் கோவில்களுக்கானது. ஒரு பெருந்தேசத்தின் அரசியல் சட்டத்தில், நம் பக்கத்துக் கோவில் விளக்கெண்ணெய்க் கணக்கு ரூபாய் அணாவாக நிற்பதைக் கண்டு நாம் அன்று கோப்பை மூடிவிட்டுச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம்.

வேறொரு மன்றோ, ஜான் டேனியல் என்பவர், 1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் என்ற பேச்சில், மலை நாடே ஒரு துரைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு திருவிதாங்கூர் சர்க்காரும் அதற்கு இசைவு தந்தது. கொய்னாவும் காப்பியும் முயன்று, பின்னர் தேயிலை வேரூன்றியது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காடு வெட்டவும் கொழுந்து பறிக்கவும் கீழ்நாட்டுத் தமிழ் மக்களைக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இரண்டடி அகலப் பாதையில் குட்டி இரயில் ஒன்றும் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பித்தடத்தில் தொங்கிப் போடிப் பக்கத்துக் கொட்டகுடியில் இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. இரயில்வேக்காரர் என்ற முறையில் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை.

சரக்கு தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கியது. ஆள் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏறினான். நிலம் மட்டும் திருவிதாங்கூர். ஆளுக்கோ அங்கே ஒரு முழம் நிலமும் இல்லை. கம்பெனி கட்டிய லயத்தில் ஓர் அறை. வேலை நின்றால் அதுவும் இல்லை. பிற்காலத்தில் கேரளம் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம் உழுதவனுக்கு நிலம் தந்தது. ஆயின் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. 1971இல் தனிச் சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் மலையின் மிகை நிலத்தைச் சர்க்கார் மீட்டபொழுதும், லயத்திலிருந்தவர் லயத்திலேயே இருந்தார். இந்தச் செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். கட்டுரை முடிவில் இதற்கு வேலை உண்டு.

பீர்மேட்டுப் பக்கம் பெரியாற்று ஒப்பந்தம். 29-10-1886 அன்று, திருவிதாங்கூர் சார்பில் திவான் இராமையங்காரும், சென்னை சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டனர். 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை; காலம் 999 ஆண்டு. அந்த 40,000 ரூபாயும், திருவிதாங்கூர் கட்டவேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்படும் என்று ஏற்பாடு. குத்தகைக்காரனே கப்பமும் வாங்குகிறான் என்றால், பேரம் எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதனையும் சொல்லவேண்டும்: 1895இல் பென்னி குவிக் கட்டி முடித்த அந்த அணை இல்லையெனின், கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைச் சீமையிலும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு இல்லை. நம் மதுரை உறவினர் வீடுகளில் அந்தத் துரையின் படம் மாட்டியிருப்பதை நாமே கண்டிருக்கிறோம். ஒப்பந்தம் நியாயமான சமநிலையில் பிறக்கவில்லை என்று கேரளத்து நண்பர் சொன்னாலும் மறுக்க முடியவில்லை. தண்ணீர் எமக்கு உயிர் என்று தேனிக்காரர் சொன்னாலும் மறுக்க முடியவில்லை. எல்லையில் குடியிருப்பவன் இரண்டு காதாலும் கேட்டாகவேண்டும்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் திரும்புவோம்; நம் நாட்டு அரசியல் சட்டத்தின் எலும்புக்கூடு அதுவே. மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்த கூட்டாட்சி ஒன்றை அது வகுத்தது. அரசர்கள் போதிய அளவில் சேராமையால் அக்கூட்டாட்சி நடைமுறைக்கு வரவில்லை. இருந்தும் மத்திய அதிகாரப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்ற மூன்றும் இன்றைய ஏழாம் அட்டவணையில் அப்படியே வாழ்கின்றன. இரயில்வே மத்தியப் பட்டியலில் இருப்பதனால்தான், எந்த மாநிலத்து மண்ணில் குடியிருந்தாலும் நம் சம்பளப் பட்டியல் ஒன்றாக இருக்கிறது. ஒலவக்கோட்டுக் கோட்டமே, கேரளம் பிறப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன், 1956 ஆகஸ்டு இறுதியில் அமைந்தது. 2007இல் சேலம் கோட்டம் பிரியும் வரை அது தமிழ்நாட்டுக்குள் நெடுந்தூரம் நீண்டிருந்தது.

1947 ஜூன் 11ஆம் நாள், திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர், வெள்ளையர் போனபின் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் அவர் வெட்டுப்பட்டார். சில நாட்களுக்குள் மகாராஜா இந்தியாவோடு இணைய இசைந்தார். நம் பெரிய பாட்டனார் அடுத்த ஆண்டு சின்னாற்றைக் கடந்தபொழுது அந்நாடு இந்தியாவுக்குள் வந்துவிட்டது. கோடு மட்டும் அழியவில்லை. 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுதும் அழியவில்லை. பழைய மாகாணங்கள் ‘ஏ’ பகுதி ராஜ்யங்கள். பழைய சமஸ்தானங்கள் ‘பி’ பகுதி ராஜ்யங்கள். பாலக்காடு ‘ஏ’, மூணாறும் சித்தூரும் ‘பி’. ஒன்றுக்குக் கவர்னர், மற்றதற்கு ராஜப்பிரமுகர். 1792இல் தோற்றவனிடமிருந்து எடுத்ததும், நண்பனிடம் விட்டுவைத்ததும், இவ்வாறு விடுதலை நாட்டின் முதல் அட்டவணையில் இரண்டு எழுத்துக்களாக அமர்ந்தன.

அவ்வெழுத்துக்களை 1956இல் ஏழாம் திருத்தம் நீக்கியது. 1953 டிசம்பரில் அமைந்த ஃபசல் அலி கமிஷன் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அதற்குள் தெற்கே நேசமணி அவர்கள் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் பெருங்கிளர்ச்சி நடத்தி, 11-8-1954 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரும் இழந்திருந்தனர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும், செங்கோட்டையும் சென்னையைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர் என்பதைக் கமிஷன் அறிந்தே இருந்தது. ஆனால் அவர்களிற் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகும் மக்கள் என்றும், மலையின் பொருளாதார முக்கியம் கருதத் தக்கது என்றும் கூறி, அதனைக் கேரளத்துக்கே விட்டது. வந்து போகும் மக்கள்! மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணானாலும் வந்து போகும் மக்கள்தாம். நாம் இதைக் கசப்பினால் எழுதவில்லை. மலபாரும் சித்தூரும் கேரளம் சேர்ந்ததில் மொழி வழியே நியாயம் இருக்கிறது; அங்கே நாம்தாம் சிறுபான்மை. ஆனால் அதே அளவுகோலை மலையில் வைத்தபொழுது மட்டும் அது கை நழுவியது என்பதே நம் கருத்து.

எல்லையை மாற்ற அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தொடர்புடைய சட்டசபையின் கருத்தைக் கேட்கவேண்டும், ஒப்புதல் வேண்டியதில்லை. குடிமக்களைக் கேட்கும் வழக்கம் அதில் இல்லை. இதற்கும் தாய் 1935ஆம் ஆண்டுச் சட்டமே; அதன் 290ஆம் பிரிவில் இலண்டன் மன்னர் இருந்த இடத்தில் இன்று புதுடில்லி பாராளுமன்றம் இருக்கிறது. இருப்பினும் அந்த ஏழாம் திருத்தம் நமக்கு ஒரு நன்மையும் செய்தது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்ற 350-ஏ பிரிவும், மொழிச் சிறுபான்மையோர்க்குத் தனி அதிகாரி என்ற 350-பி பிரிவும் அதனால் வந்தவை. நம் பிள்ளைகள் தமிழில் எழுத்தறிவதற்குச் சட்டத்தில் ஆதாரம் உண்டு. கேட்டு வாங்குவது நம் சங்கங்களின் வேலை.

ஆறு தன் பழைய வழக்கை விடவில்லை. 1947இல் பிரிட்டிஷ் மேலாட்சி மறைந்தபொழுதே 1886 ஒப்பந்தமும் மறைந்தது என்று கேரளம் வாதாடியது. மேலும், சமஸ்தானங்களோடு செய்த உடன்படிக்கைகள் பற்றிய வழக்கை நீதிமன்றம் எடுக்கலாகாது என்று 363ஆம் பிரிவு கூறுகிறது. அதையும் எடுத்துக் காட்டியது. அரசர்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு, அரசர்களே இல்லாத காலத்தில் இரு மாநிலங்களின் நடுவே வந்து நின்றது. 2006 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்த இசைவு தந்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 7-5-2014 அன்று ஐந்து நீதிபதிகள் அச்சட்டம் செல்லாது என்றனர். 1886 ஒப்பந்தம் அரசியல் உடன்படிக்கை அன்று, சாதாரணக் குத்தகையே. ஆதலால் 363 அதனைத் தடுக்காது, அது இன்றும் செல்லும் என்றும் தீர்ப்பளித்தனர். இடையில் 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் பேசிக் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கியிருந்தன. அதே நாளில்தான் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தானது. சித்தூர் வயல்களுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் தரவேண்டும் என்பது அதில்தான். அந்த ஒப்பந்தத்தை முப்பது ஆண்டில் மறுஆய்வு செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. துரைமார் 999 ஆண்டு எழுதினார்கள். நாம் முப்பது எழுதினோம். முப்பது முடிந்து நெடுநாள் ஆகியும் மறுஆய்வு முடியவில்லை என்பது வேறு கதை.

இனி நம் அண்ணன் மகளின் காகிதம். அட்டவணைச் சாதி என்ற பெயரே 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1936இல் மாகாணவாரியாகப் பட்டியல் வந்தது. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு அதே வழியில், ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனிப் பட்டியல் என்று வகுத்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் உத்தரவு வெளியாயிற்று. சென்னைக்கு ஒரு பட்டியல், திருவிதாங்கூர்–கொச்சிக்கு ஒன்று. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அச்சலுகை கோர முடியாது என்று 1990இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. கேரளம் பிறந்த பின்னரும், 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, மலபாருக்கு ஒரு பட்டியலும் மற்றப் பகுதிக்கு வேறொன்றும் இருந்தன.

ஆகவே உடுமலையிலிருந்து பாலக்காட்டுக்கு வந்த நம் பாட்டனார், அந்நாள் கணக்கின்படி மாநிலம் கடந்தவர் அல்லர். எட்டு ஆண்டு கழித்து மாநிலந்தான் அவரைக் கடந்தது. மூணாறு ஏறிய தமையனார் மாநிலம் கடந்தவர். அவர் 1950க்கு முன் வந்தவர் என்று காட்டினால் வழக்கு முடிந்தது. காட்டுவது எதைக் கொண்டு? நிலமிருந்தால் பட்டா இருக்கும், வரி ரசீது இருக்கும். லயத்தில் குடியிருந்தவனுக்கு அவை ஏது? வந்த கோடையை ஊரே அறியும். ஆனால் வீட்டில் உள்ள காகிதங்களில் மிகப் பழையது 1953ஆம் ஆண்டினது. உடுமலைக்குச் சென்று கேட்டால், “உங்கள் குடும்பம் இங்கே குடியிருக்கவில்லையே” என்கிறார்கள். அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

சென்ற திங்கள் நாம் விடுப்பு எடுத்து மூணாறு சென்றோம். அண்ணனும் நாமும் லயத்திலுள்ள ஒவ்வொரு பெரியவரின் தகரப் பெட்டியையும் கேட்டுத் திறந்து பார்த்தோம். மருத்துவச் சீட்டு, கங்காணி எழுதிய முன்பணக் கணக்கு, செக்ரோல் கிழிசல் என்று பலவும் இருந்தன. ஓர் அம்மையார் வீட்டில் கிடைத்த முன்பணக் கணக்கில் பெரிய பாட்டனாரின் பெயரும் ஊரும் தெளிவாக இருக்கின்றன. ஆண்டு எழுதிய மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அக்கணக்கில் அவருக்குப் பின் பதினொரு பெயர்கள் உள்ளன. அவர்களும் அதே கோடையில் அதே கங்காணியோடு மலையேறியவர்களே. அவர்களில் ஒருவர் குடும்பத்தில் தேதியுள்ள சீட்டு ஒன்று இருந்தால் போதும். இந்தக் கணக்கின் ஆண்டும் தெரிந்துவிடும்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மலைத் தோட்டத்தில் உறவுள்ளவர் பலர். உடுமலை, மடத்துக்குளம், தளிப் பக்கத்திலிருந்து 1948ஆம் ஆண்டை ஒட்டி மூணாறு சென்றவர்களின் பழைய சீட்டு, கடிதம், கணக்கு எதுவாயினும் வீட்டில் இருந்தால், சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். மூலத்தைத் தரவேண்டியதில்லை; நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். விசாரணைக்கு அடுத்த திங்கள் மீண்டும் வரச்சொல்லி இருக்கிறார்கள். அதற்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம்.